சாயம் போதலும் நிலைத்தலும்: சோழமண்டலக் கரையின் துணி வரலாறு

துணியில் ஏற்றிய நிறம் மூன்று வழிகளில் குறைகிறது. நனையும்போது நீரில் கரைந்து வெளியேறுகிறது. வெயில் பட்டால் சிதைந்து வெளிறுகிறது. உராய்ந்தால் தேய்ந்து உதிர்கிறது. துணியோடு நெடுங்காலம் பழகிய தமிழில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. நீரில் நிறம் கழிவது சாயம் போதல். அந்த நிறம் பக்கத்துத் துணியில் ஏறிக்கொண்டால் சாயம் ஒட்டுதல். வெயிலில் நிறம் குன்றுவது வெளுத்தல் அல்லது வெளிறல். கருப்பு தன் ஆழத்தை இழந்தால் நரைத்தல், வெள்ளை தன் தூய்மையை இழந்தால் பழுப்பேறுதல், பளபளப்பு குறைந்தால் மங்கல். இவற்றில் சில துணியைத் தாண்டியும் பொருள் தருகின்றன. விளக்கும் பார்வையும் புகழும் மங்குகின்றன. போலி வேடம் வெளிப்பட்டவருக்குச் சாயம் வெளுத்துவிட்டது என்கிறார்கள்.

இந்தச் சொற்களுக்குப் பின்னால் ஒரு தொழிலின் நீண்ட வரலாறு இருக்கிறது. கிருஷ்ணா ஆற்றின் கழிமுகம் முதல் ராமேசுவரம் வரை நீளும் சோழமண்டலக் கரை, துவைத்தாலும் போகாத சாயத்துக்காக உலகெங்கும் பெயர் பெற்றது. பிற்காலத்தில் அதே கரையின் துணி ஒன்று, சாயம் போவதற்காகவே அமெரிக்காவில் விரும்பி வாங்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் சிவப்பு தந்த சாயவேரும் நீலம் தந்த அவுரியும் ஆய்வுக்கூடச் சாயங்களிடம் தோற்றன. நிறம் நிலைப்பதும் போவதும் எப்படி ஒரு கரையின் வாழ்வைத் தீர்மானித்தன என்பதை இந்தத் துணிகளே காட்டுகின்றன.

பருத்தியும் சாயமும்

பட்டும் கம்பளியும் விலங்குகளிடமிருந்து கிடைக்கும் புரத இழைகள். பல தாவரச் சாயங்கள் அவற்றில் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். பருத்தி அப்படியல்ல. அதன் இழை பெரும்பாலும் செல்லுலோஸ். செடியிலிருந்து எடுத்த சாயநீரில் பருத்தித் துணியை நேரடியாக முக்கினால் நிறம் ஏறியதுபோலத் தோன்றும். இரண்டு துவைப்பில் பெரும்பகுதி போய்விடும். பழைய உலகின் பல நாடுகளில் கம்பளிக்கு நல்ல சாயம் இருந்தும் பருத்திக்கு இல்லாமற்போனது இதனால்தான்.

இந்தச் சிக்கலுக்கு இந்தியச் சாயக்காரர்கள் மிகப் பழங்காலத்திலேயே வழி கண்டார்கள். சாயத்துக்கும் இழைக்கும் நடுவே ஓர் உலோக உப்பை வைத்து இரண்டையும் பிணைத்தார்கள். பாடநூல்கள் இதை நிறமூன்றி என்கின்றன. படிகாரம் சிவப்புக்கு, இரும்பு கருப்புக்கு. படிகாரத்தில் உள்ள அலுமினியம் இழையில் பற்றிக்கொள்ளும். சாயத்தின் மூலக்கூறு அலுமினியத்தில் பற்றிக்கொள்ளும். இப்படி உருவாகும் கூட்டுப்பொருள் நீரில் கரையாது. சாயவேர் ஒன்றாகவே இருந்தாலும் படிகாரம் பட்ட இடம் சிவக்கும், இரும்பு பட்ட இடம் கருக்கும், இரண்டும் கலந்த இடம் ஊதாவாகும்.

கரையோரத் துணித்தொழிலின் தொன்மைக்கு அகழாய்வுச் சான்றுகள் உண்டு. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் அகழாய்வு நடத்திய மார்ட்டிமர் வீலர், அங்கு வெளிப்பட்ட செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயமேற்றிய தொட்டிகள் என்று கருதினார். உறையூரிலும் இத்தகைய தொட்டி கிடைத்திருக்கிறது. செங்கடல் வணிகத்தைப் பற்றிக் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற முதல் நூற்றாண்டு நூல், உறையூராகக் கருதப்படும் அர்கரு என்ற ஊரின் மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் விவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்தபோது, யோபு நூலில் ஞானத்தின் ஒப்பற்ற மதிப்பைச் சொல்லும் இடத்தில் இந்தியாவின் சாயநிறங்களைக் கொண்டுவந்தார். இந்தியச் சாயத்தின் பெயர் அக்காலத்திலேயே மத்தியதரைக் கடல் வரை எட்டியிருந்ததற்கு அது சான்று.

கெட்டிச் சாயம் ஏற்றும் முறை

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையில் எழுதப்பட்ட சித்திரத் துணிகள் பல வாரங்கள் நீளும் வேலைக்குப் பின் உருவானவை. தறியிலிருந்து வந்த கோராத் துணியில் கஞ்சியும் இயற்கையான மெழுகும் இருக்கும். முதலில் அதைச் சாணநீரில் ஊறவைத்து, அடித்துத் துவைத்து, வெயிலில் விரித்து நீர் தெளித்து வெளுப்பாக்கினார்கள். பிறகு கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைத்தார்கள். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் உலோக உப்பை இழையில் நிறுத்தும். பாலின் கொழுப்பு, எழுதுகோலால் வரையும்போது கோடு பரவாமல் காக்கும்.

அடுத்தது வரைதல். மூங்கில் எழுதுகோலின் நடுவே மயிரோ கந்தலோ சுற்றி, அதைப் பிழிந்து பிழிந்து வரைவது கரையெங்கும் இருந்த வழக்கம். கருப்புக் கோட்டுக்கான திரவம், துருப்பிடித்த இரும்பைப் புளித்த கள்ளிலோ வெல்லநீரிலோ பல நாள் ஊறப்போட்டுச் செய்தது. சிவக்க வேண்டிய இடங்களில் படிகார நீரால் எழுதினார்கள். அதற்கென்று நிறம் இல்லாததால், எழுதிய இடம் கண்ணுக்குத் தெரிய ஏதேனும் ஒரு லேசான வண்ணத்தைக் கலந்துகொண்டார்கள். துணி காய்ந்ததும் சாயவேர் நீரில் போட்டுக் காய்ச்சினார்கள்.

காய்ச்சி எடுத்த துணி முழுவதும் சிவந்திருக்கும். படிகாரம் படாத இடத்திலும் சாயம் லேசாக ஏறியிருக்கும். அந்த வேண்டாத நிறத்தைப் போக்கச் சாணநீரையும் வெயிலையும் மறுபடி பயன்படுத்தினார்கள். நாள்கணக்கில் துணியை மணலில் விரித்து, காயக் காய நீர் தெளித்தார்கள். பிணைப்பில்லாத சாயம் வெயிலில் வெளுத்துப் போயிற்று; படிகாரம் பிடித்த சாயம் அசையாமல் நின்றது. சாயம் போகும் இயல்பே இங்கு ஒரு கருவியாயிற்று. வெள்ளைத் தளத்தில் கூர்மையான சிவப்புப் பூக்கள் கிடைத்தது இந்தப் படிநிலையால்தான். துணி வாங்குபவர் கைக்குப் போகுமுன்பே அதன் நிறம் வெயிலிலும் நீரிலும் தேர்வு பெற்றிருந்தது.

நீலத்துக்கு வேறு வழி. அவுரி இலையிலிருந்து எடுத்த நீலம் நீரில் கரையாது. தொட்டியில் சுண்ணாம்பும் உவர்மண் காரமும் சேர்த்து, வேகவைத்த தகரை விதையைப் புளிக்கவிட்டு, காற்றுப் படாத நிலையில் அதைக் கரையவைத்தார்கள். கரைந்த நிலையில் அது பச்சைகலந்த மஞ்சளாக இருக்கும். துணியை முக்கி வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டு நீலமாகி, இழைக்குள்ளேயே கரையாப் பொருளாகத் தங்கிவிடும். இதற்கு நிறமூன்றி தேவையில்லை. நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடினார்கள். துவைப்புக்கு அவுரி நீலம் நன்றாகத் தாங்கும். ஆனால் இழையின் மேற்பரப்பிலேயே மிகுதியாகத் தங்குவதால் உராய்வில் மெல்லத் தேயும். இன்றைய ஜீன்ஸ் துணி முழங்காலில் வெளுப்பதும் இந்த இயல்பால்தான்.

சாயவேரும் மண்ணும்

கரையின் சிவப்புக்கு மூலம் சாயவேர். சித்த மருத்துவத்தில் இம்பூறல் என்று வழங்கும் சிறு செடியின் வேர் அது. மணற்பாங்கான கடலோரத்தில் தானே முளைக்கும். வேரின் பட்டையில் அலிசரின் என்ற சாயப்பொருள் இருக்கிறது. ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் மஞ்சிட்டி இனத்துச் செடி தந்த சிவப்பும் இதே பொருளால் ஆனதே. பயிரிட்ட வேரைவிடக் காட்டில் தானாக வளர்ந்த வேரையே சாயக்காரர்கள் உயர்வாக மதித்தார்கள். மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்து சிவப்புக்குத் துணைசெய்கிறது. கடற்சிப்பி கலந்த மண் உள்ள கிருஷ்ணா கழிமுகத்தில், பெட்டபோலி என்று அக்கால வணிகர்கள் அழைத்த நிஜாம்பட்டணப் பகுதியின் வேர் மிகச் சிறந்த சிவப்பைத் தந்ததாகப் பதினேழாம் நூற்றாண்டு வணிகக் குறிப்புகள் புகழ்கின்றன.

தெற்கே ராமநாதபுரம் கடலோரமும் பாக் நீரிணைக்கு அப்பால் மன்னாரும் யாழ்ப்பாணமும் சாயவேருக்குப் பெயர் பெற்றவை. யாழ்ப்பாணத்தில் வேர் தோண்டுவதைக் குலத்தொழிலாகக் கொண்டவர்கள் வேர்க்குத்திகள் எனப்பட்டார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, சாயவேரைத் தன் ஏகபோகமாக வைத்துக்கொண்டது. ஒரு சிறு செடியின் வேரை ஆட்சியாளர்களே ஏகபோகமாக்கிக் காத்தார்கள் என்றால், போகாத சிவப்பு எவ்வளவு பணமாக மாறியது என்பது விளங்கும்.

நீரும் மண்ணைப்போலவே முக்கியம். சாயத்துக்கு ஏற்ற நீர் கிடைத்த ஆற்றங்கரைகளில் சாயக்காரர்களும் சலவைத் தொழிலாளர்களும் குடியேறினார்கள். மதுரைச் சாயத்தின் பொலிவுக்கு வைகை நீரே காரணம் என்பது அங்குள்ளவர்களின் நீண்டநாள் நம்பிக்கை. சென்னையில் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், 1734இல் கூவம் கரையில் நெசவாளர்களுக்காக அமைந்த ஊர் சின்னத் தறிப்பேட்டை; இன்று அது சிந்தாதிரிப்பேட்டை. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்களின் குடியிருப்பு வண்ணாரப்பேட்டை ஆயிற்று.

கடல் கடந்த புகழ்

ஐரோப்பியர் வருமுன்பே கரையின் சாயத்துணி தென்கிழக்காசியாவில் பணத்துக்கு நிகராகச் செலாவணியாயிற்று. மிளகும் கிராம்பும் சாதிக்காயும் விளைந்த தீவுகளில் வெள்ளியைவிடத் துணியே விரும்பப்பட்டது. நறுமணப் பொருள் வாங்கத் துணி வேண்டும் என்பதை உணர்ந்த டச்சுக்காரர்கள் மசூலிப்பட்டணத்திலும் பழவேற்காட்டிலும் பண்டகசாலைகள் அமைத்தார்கள். பழவேற்காட்டில் அவர்கள் எழுப்பிய கெல்டிரியா கோட்டை 1613இல் முடிந்தது. ஆங்கிலேயர் 1611இல் மசூலிப்பட்டணத்துக்கு வந்தார்கள். துணி மலிவாகக் கிடைக்கும் இடம் தேடித் தெற்கே நகர்ந்து, 1639இல் சென்னையில் இடம் பெற்றார்கள். சென்னை நகரம் பிறந்ததற்குத் துணி வணிகம் ஒரு முதன்மைக் காரணம்.

சுலாவெசித் தீவின் தொராஜா மக்கள் இந்தியத் துணிகளைத் தலைமுறை தலைமுறையாகப் புனிதப் பொருளாகக் காத்து, சடங்குகளில் மட்டுமே வெளியே எடுத்தார்கள். நூற்றாண்டுகள் கடந்தும் அவற்றின் சிவப்பு தெளிவாக இருக்கிறது. இருளிலும் புகையிலும் கிடந்தது ஒரு காரணம். சாயத்தின் பிணைப்பு மற்றொன்று.

ஐரோப்பாவில் இத்துணிகள் பெரும் கலக்கத்தையே உண்டாக்கின. அதுவரை அங்கு வண்ணப்பூ வேண்டும் என்றால் பட்டில் நெய்ய வேண்டும், அல்லது கம்பளியில் தைக்க வேண்டும். இரண்டையும் அடிக்கடி துவைக்க முடியாது. இந்தியத் துணியோ மலிவு, மெல்லிசு. துவைக்கத் துவைக்க அதன் பூக்கள் பொலிந்தன. உள்ளூர்ப் பட்டு, கம்பளித் தொழில்கள் அலறின. பிரான்ஸ் 1686இல் இந்தியச் சித்திரத் துணிகளைத் தடைசெய்தது. 1759 வரை தடை நீடித்தது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டங்கள் கொண்டுவந்தது. இரண்டாவது சட்டம் வண்ணப் பருத்தித் துணியை உடுத்துவதையே குற்றமாக்கியது.

தடை ஒருபுறம் இருக்க, நுட்பத்தைக் கற்கும் முயற்சியும் நடந்தது. பிரான்சில் கோல்பெர் அமைச்சராயிருந்த பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே சாயக்காரர்கள் இரு வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். நிலைக்கும் சாயம் ஏற்றுவோர் ஒரு வகை, போகும் சாயம் ஏற்றுவோர் மற்றொரு வகை. ஒருவர் தொழிலில் மற்றவர் நுழையக் கூடாது. 1730களில் டு ஃபே என்ற அறிவியலாளர் சாயத் துணிகளை வெயிலில் வைத்து, எது எவ்வளவு நாளில் வெளுக்கிறது என்று முறைப்படி ஆராய்ந்தார். அவருடைய வேண்டுகோளின்படி, பியூலியே என்ற கடற்படை அதிகாரி ஏறக்குறைய 1734இல் புதுச்சேரியில் சாயத்தொழிலை நேரில் பார்த்து எழுதினார். ஒவ்வொரு படிநிலை முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு சேர்த்து வைத்தார். அந்தக் கையெழுத்துப்படி இன்றும் பாரிசில் இருக்கிறது. 1742இல் ஏசுசபைப் பாதிரியார் கேர்து, தன்னிடம் கிறிஸ்தவம் தழுவிய சாயக்காரர்களிடம் கேட்டறிந்த முறைகளைக் கடிதமாக எழுதி அனுப்பினார். 1795இல் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் சாயவேர்ச் செடியையும் அதன் பயன்பாட்டையும் விரிவாகப் பதிவு செய்தார். கரையோரச் சாயக்காரர்கள் தலைமுறைகளாகக் கைமாற்றிவந்த அறிவு, அவர்கள் பெயர் இல்லாமல் ஐரோப்பிய அச்சுக்கு வந்தது.

முதலில் போன நிறம்

கரையின் எல்லா நிறங்களும் ஒரே அளவில் நிலைக்கவில்லை. சிவப்பும் நீலமும் கருப்பும் கெட்டி. மஞ்சள் தொல்லை. மஞ்சள் கிழங்கு, மாதுளைத் தோல், கடுக்காய்ப் பூ ஆகியவை மஞ்சள் நிறத்துக்குப் பயன்பட்டன. இவற்றில் மஞ்சள் கிழங்கின் நிறம் வெயிலில் மிக விரைவாகப் போகும். மற்றவையும் சாயவேரின் உறுதிக்கு ஈடாகமாட்டா.

பச்சைக்குத் தனிச் சாயம் இல்லை. நீலத்தின் மேல் மஞ்சளை எழுதியே பச்சையை உண்டாக்கினார்கள். காலப்போக்கில் மஞ்சள் வெளுத்துவிட, அடியில் இருந்த நீலம் மட்டும் எஞ்சியது. ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் உள்ள பழைய சோழமண்டலத் துணிகள் பலவற்றில் மரங்களின் இலைகள் நீலமாகத் தெரிவதற்கு இதுவே காரணம். எழுதியவர் நினைத்தது பச்சை இலை. பூவின் மையமும் பறவையின் சிறகும் இன்று வெறுமையாகத் தோன்றும் இடங்களிலும் ஒருகாலத்தில் மஞ்சள் இருந்திருக்கலாம்.

கருப்பின் குறை வேறு வகை. இரும்புக் கருப்பு வெளுக்காது. ஆனால் இரும்பும் துவர்ப்புப் பொருளும் சேர்ந்து காலப்போக்கில் இழையையே அரித்துவிடும். பழந்துணிகளில் கருப்புக் கோடு ஓடிய இடத்தில் நூல் இற்றுப்போய்க் கோட்டின் வடிவில் ஓட்டை விழுந்திருப்பதைக் காணலாம். நிறம் நின்றது, துணி நிற்கவில்லை.

கட்டம் போட்ட துணி

சித்திரத் துணிக்கு அடுத்தபடியாகக் கரை உலகுக்கு அளித்தது கட்டம் போட்ட கைத்தறித் துணி. இதில் நூலுக்கே சாயம் ஏற்றிப் பிறகு நெய்வார்கள். சிவப்பு நூலை நல்லெண்ணெயும் சாம்பல் காரமும் ஆட்டுப் புழுக்கையும் கலந்த நீரில் திரும்பத் திரும்ப நனைத்து உலர்த்தியபின் சாயவேரில் காய்ச்சினார்கள். எண்ணெயின் துணையால் சிவப்பு ஆழமாகவும் உறுதியாகவும் பிடித்தது. துணியில் அந்த எண்ணெய் வாசனை தங்கியது. வாங்குவோர் முகர்ந்து பார்த்தே அசலை அறிந்தார்கள்.

சென்னை வட்டாரத்திலும் சீராலா பகுதியிலும் நெய்யப்பட்ட இந்தச் சதுரத் துணி ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. அடிமை வணிகத்தின் கொடிய காலத்தில் மனிதர்களை விலைக்கு வாங்கக் கொடுத்த சரக்குகளில் இந்தியத் துணியும் ஒன்று. நைஜர் கழிமுகத்துக் கலபாரி மக்கள் இதை இன்ஜிரி என்று அழைத்துத் தங்கள் பிறப்பு, இறப்புச் சடங்குகளின் பகுதியாகவே ஆக்கிக்கொண்டார்கள். கலபாரிப் பெண்கள் அதன் சில இழைகளை நுட்பமாக வெட்டி உருவி, புதிய கோலங்கள் உண்டாக்கும் கலையையும் வளர்த்தார்கள்.

கரீபியன் தீவுகளில் அதே துணி தலைப்பாகையாயிற்று. மார்ட்டினிக், குவாதலூப், டொமினிக்கா, செயின்ட் லூசியா ஆகிய தீவுகளின் மரபுடையில் இன்றும் ‘மெட்ராஸ்’ உண்டு. 1880களின் இறுதியில் மார்ட்டினிக்கில் தங்கிய எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன், அங்கு ஒரு தனித் தொழில் இருந்ததை எழுதியிருக்கிறார். துணியின் மஞ்சள் கட்டங்கள் பளிச்சென்று தெரிவதற்காக, பிசின் கலந்த மஞ்சள் வண்ணத்தைத் தூரிகையால் அவற்றின் மேல் பூசித் தருவதைச் சில பெண்கள் பிழைப்பாகக் கொண்டிருந்தார்கள். சோழமண்டலச் சாயக்காரருக்கு வசப்படாத மஞ்சளை, கடலுக்கு அப்பால் வேறு கைகள் ஈடுசெய்தன.

ஆய்வுக்கூடத்துச் சாயம்

1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் நிலக்கரித் தாரின் வழிப்பொருளிலிருந்து ஊதாச் சாயம் செய்தார். அடுத்து வந்த அனிலின் சாயங்கள் மிகப் பளிச்சென்றிருந்தன, விலையும் குறைவு. ஆனால் அவற்றில் பல வெயிலிலும் நீரிலும் விரைந்து போயின. அவை இந்தியச் சந்தைக்குள் வந்தபோது, கெட்டிச் சாயத்துக்குப் பழகிய கண்கள் முதல்முறையாகச் சில துவைப்பிலேயே நிறமிழக்கும் துணிகளைப் பெருமளவில் கண்டன. 1884இல் கண்டறியப்பட்ட காங்கோ சிவப்பு, நிறமூன்றி இல்லாமலே பருத்தியில் நேரடியாக ஏறியது. வேலை எளிதாயிற்று, துவைத்தால் நிறம் போகும் குறை திரும்ப வந்தது.

கரையின் தொழிலை வீழ்த்தியது போகும் சாயம் மட்டுமல்ல, போகாத சாயமும்தான். 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் கிரேபேயும் லீபர்மனும் அலிசரினைச் செயற்கையாகச் செய்தார்கள். சாயவேரில் இருந்த அதே பொருள், வேரும் தோண்டலும் இல்லாமல் பீப்பாயில் வந்தது. சில பத்தாண்டுகளில் சாயவேருக்குக் கேட்பார் இல்லை. 1897இல் ஜெர்மன் நிறுவனமான பி.ஏ.எஸ்.எஃப். செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அவுரி வயல்களும் சுருங்கின. முதல் உலகப் போரில் ஜெர்மன் சாயம் வருவது நின்றதால் அவுரிக்குக் கொஞ்ச காலம் உயிர் வந்தது. போருக்குப் பின் அதுவும் போயிற்று. 1901இல் ரெனே போன் கண்ட இண்டந்திரின் வகைச் சாயங்களும் 1912இல் வந்த நாப்தால் சாயங்களும் இயற்கைச் சாயங்களை உறுதியிலும் மிஞ்சின.

சாயவேரை நம்பியிருந்த தோண்டுவோர், வேர் வணிகர், மெழுகு எழுதுவோர், எண்ணெய் நனைப்போர் என்று ஒரு தொழிற்சங்கிலி முழுவதும் இதனால் அறுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சை மராத்திய அரசும் முடிவுக்கு வந்ததால், அரண்மனைக்காகக் கும்பகோணத்துக்கு அருகே கோடாலிக்கருப்பூரில் உருவான மெழுகுச் சாயப் புடவைகளின் மரபும் தேய்ந்தது. ஜரிகையின் மேலும் சாயம் ஏற்றிய அந்தப் புடவைகள் இன்று அருங்காட்சியகங்களில் மட்டுமே உள்ளன.

சாயம் போவதையே விரும்பிய காலம்

1950களின் இறுதியில் மெட்ராஸ் கட்டத் துணிக்கு அமெரிக்காவில் எதிர்பாராத வாழ்வு வந்தது. இதைப் பற்றிப் பரவலாக வழங்கும் வரலாறு, துணி ஏற்றுமதியாளராக இருந்து பின்னர் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர் சொன்னது. 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் அவரிடம் கெஜம் ஒரு டாலர் வீதம் 10,000 கெஜம் துணி வாங்கினார். துணி புரூக்ஸ் பிரதர்ஸ் கடைகளில் சட்டையாயிற்று. குளிர்ந்த நீரில் தனியாக மென்மையாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. துவைத்ததும் கட்டங்களின் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தன, புகார்கள் குவிந்தன. அந்தக் குறையையே பெருமையாக்கி விளம்பரம் செய்யும் யோசனை பிறந்தது. இந்தத் துணி சாயம் போகும் என்று உறுதி கூறி விற்றார்கள். ஒவ்வொரு துவைப்பிலும் புதிய நிறச்சேர்க்கை காட்டும் துணி என்று இளைஞர்கள் அதை வரவேற்றார்கள். 1960களில் அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் அது பெருவழக்காயிற்று.

இந்த வரவேற்பு கைத்தறி நெசவாளர்களுக்கு வேலை தந்தது. ஆனால் அதைச் சோழமண்டலச் சாயத்தொழிலின் தொடர்ச்சி என்று சொல்ல முடியாது. கரையின் பழைய புகழ், எத்தனை துவைப்புக்கும் கலங்காத எல்லைக்கோட்டின் மேல் நின்றது. அமெரிக்கர் விரும்பியது அந்தக் கோடு கலங்குவதை. அந்த விருப்பமும் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் சாயம் போகாத ஆலைத்துணியே மெட்ராஸ் கட்டம் என்ற பெயரில் சந்தையைப் பிடித்தது.

அளவுகோலும் ஆறும்

சாயம் போவதை இன்று அளவுகோல் கொண்டு அளக்கிறார்கள். வெயிலைத் தாங்கும் திறனுக்கு நீலக் கம்பளி அளவுகோல்: எட்டு நீலத் துண்டுகளில் முதலாவது மிக விரைவில் வெளுக்கும், எட்டாவது மிகத் தாமதமாக. சோதிக்கும் துணியை இவற்றோடு சேர்த்து ஒளியில் வைத்து, எந்தத் துண்டோடு ஒத்து வெளுக்கிறது என்று பார்த்து எண் தருகிறார்கள். துவைப்புக்கும் உராய்வுக்கும் சாம்பல் நிற அளவுகோல்: ஐந்து என்றால் மாற்றம் இல்லை, ஒன்று என்றால் மிகுந்த மாற்றம். வீடுகளில் புதுத்துணியின் மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்ப்பதும், முதல் முறை உப்புநீரில் ஊறவைத்துத் தனியாக அலசுவதும், சாயத்துணியை மறுபுறம் திருப்பி நிழலில் உலர்த்துவதும் அளவுகோல் இல்லாத காலத்திலிருந்து வரும் பழக்கங்கள்.

1956இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் வினைபுரி சாயங்களை அறிமுகப்படுத்தியது. இவை பருத்தி இழையோடு நேரடியாக வேதிப்பிணைப்பு கொள்கின்றன. உலோக உப்பு நடுவே வேண்டாம். துவைப்பைத் தாங்கும் பளிச்சென்ற நிறங்கள் எல்லோருக்கும் எட்டும் விலையில் கிடைத்தன. திருப்பூரின் பின்னலாடை வளர்ச்சிக்கு இச்சாயங்கள் அடிப்படை. ஆனால் தொட்டியில் போடும் சாயம் முழுவதும் துணியில் ஏறுவதில்லை. ஏறாத பகுதியும், சாயத்தை இழையை நோக்கித் தள்ளுவதற்குப் பெருமளவில் சேர்க்கும் உப்பும் கழிவுநீராக வெளியேறின. நொய்யல் ஆறு நிறம் மாறியது. பாசனத்துக்காக 1992இல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. விவசாயிகளின் நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பின், கழிவை வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. அதன்பின் கழிவுநீரை முழுவதும் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துவது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்குக் கட்டாயமாயிற்று. துணியில் நிறம் நிலைப்பதற்கான விலையை ஆறும் நிலமும் கொடுக்கக் கூடாது என்ற நியாயத்தை அந்த ஆணை நிலைநாட்டியது.

எஞ்சியவை

பழைய தொழிலின் சில கிளைகள் இன்றும் உள்ளன. ஆந்திரத்தில் ஸ்ரீகாளஹஸ்தியிலும் மசூலிப்பட்டணத்திலும், தமிழகத்தில் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சிக்கல்நாயக்கன்பேட்டை, கருப்பூர் வட்டாரத்திலும் சித்திரத் துணிக் கலையான கலம்காரி தொடர்கிறது. ஸ்ரீகாளஹஸ்தியில் அக்கலை அழியும் நிலையில் இருந்தபோது அதை மீட்பதில், கைவினைகளுக்காகப் பாடுபட்ட கமலாதேவி சட்டோபாத்யாய் பெரும் பங்காற்றினார். கடுக்காயும் பாலும் படிகாரமும் இரும்புக் கரைசலும் அங்கே இன்னும் கைவிடப்படவில்லை. விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனம் பகுதியில் அவுரி பயிராகிறது. இயற்கை நீலத்துக்கு உலகச் சந்தையில் கூடியுள்ள விருப்பம் அதற்குத் துணை. சாயவேர் மட்டும் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அந்த இடத்தில் மஞ்சிட்டியோ செயற்கை அலிசரினோ பயன்படுகிறது.

பழந்துணிகளைக் காக்கும் அருங்காட்சியகங்கள் ஒளியை 50 லக்ஸ் அளவுக்குள் வைத்து, ஒரு துணியைச் சில மாதங்கள் மட்டுமே காட்சிக்கு வைத்துவிட்டு மீண்டும் இருட்டறைக்கு அனுப்புகின்றன. ஒளியால் போன நிறத்தை மீட்க வழியில்லை. போகும் வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவே. இத்துணிகளில் எஞ்சியிருக்கும் சாயத்தை நுண்கருவிகளால் ஆராய்ந்து, எந்த இடத்தில் எந்த வேர், எந்த உப்பு, எந்த மஞ்சள் இருந்தது என்று இன்று கண்டறிய முடிகிறது. பெயர் தெரியாத சாயக்காரர்கள் செய்த தேர்வுகளை அறிவதற்கு, பியூலியேயும் கேர்துவும் ராக்ஸ்பர்க்கும் எழுதிய குறிப்புகளோடு இந்தத் துணிகளே நேரடிச் சான்றுகளாக உள்ளன.